படிச்சிட்டுத் தா

தமிழ் நாவலின் வரலாறு பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. 1879-இல் வெளிவந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' தொடங்கி, யார் எதை எழுதினார், எந்த ஆண்டு எழுதினார், எது இலக்கியம், எது இலக்கியமில்லை என்பதெல்லாம் நமக்குத் தெரியும். அந்த நாவல்கள் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு எப்படிப் போயின, யார் யாரிடம் நீட்டி 'படிச்சிட்டுத் தா' என்றார்கள் என்பதைத்தான் அதிகம் பேர் எழுதவில்லை. நீட்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கைமாறியவற்றில் பெரும்பாலானவை துப்பறியும் கதைகள், காதல் கதைகள், குடும்பத் தொடர்கதைகள். ஆகவே அது எழுதத் தகுந்த வரலாறாக யாருக்கும் படவில்லை.

அந்த வரலாற்றில் ஒரு சிறு பகுதியை இங்கே எழுதுகிறேன். திருவல்லிக்கேணியில் தொடங்கி மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்று சென்னையின் தெற்கே இறங்கும் ஏறத்தாழ நூறு ஆண்டுக் கதை. இப்படிப்பட்ட வாசிப்புக்குத் 'தப்பித்தல்' என்று விமர்சகர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லை நான் மறுக்கப்போவதில்லை. எதிலிருந்து தப்பினார்கள், எத்தனை நேரத்துக்குத் தப்பினார்கள், திரும்பி வந்தபோது கையில் எதைக் கொண்டுவந்தார்கள் என்றுதான் கேட்கப்போகிறேன்.

கெடுக்கும் புத்தகங்கள்

1901-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அந்தக் காலத்தில்தான் தமிழில் துப்பறியும் நாவல் பெருகியது. ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலக் கதைகளைத் தழுவி அடுக்கடுக்காக எழுதினார். ஜே.ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908-இல் வந்தது. அவர் படைத்த துப்பறிவாளர் கோவிந்தன் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானார். வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரைக் கொண்டுவந்தார்.

இந்த நாவல்களின் தலைப்புகளைப் பாருங்கள்: ராஜாம்பாள், சந்திரகாந்தா, மேனகா. எல்லாம் பெண்களின் பெயர்கள். ஆபத்தில் சிக்குகிறவள் பெண், துப்புத் துலக்குகிறவர் ஆண். ஆனால் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று கவனித்தால் வேறொன்று தெரியும். கலியாணத்திலிருந்து வருகிறது, சொத்திலிருந்து வருகிறது, புகுந்த வீட்டிலிருந்து வருகிறது. 'மேனகா'வில் கதாநாயகியை வஞ்சிக்கிறவர்கள் வெளியார் மட்டுமில்லை, புகுந்த வீட்டாரும்தான். மர்மக் கதையைப் படித்த பெண்ணுக்கு அதில் வந்த வீடு அந்நியமாக இருந்திருக்காது.

பெண்கள் நாவல் படிப்பதை அன்றைய பெரிய மனிதர்கள் வெறுத்தார்கள். வீட்டுவேலை கெடும், ஒழுக்கம் கெடும், இல்லாத ஆசைகள் முளைக்கும் என்றார்கள். நாவல் வாசிப்பைப் பற்றி அந்நாளில் எழுந்த இந்தப் பதற்றத்தையும், பலர் கூடி ஒருவர் உரக்கப் படிக்கக் கேட்ட வழக்கம் தேய்ந்து தனியே மௌனமாகப் படிக்கும் பழக்கம் வளர்ந்ததையும் ஆ. இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். அந்த மாற்றத்தை ஒரு பெண்ணின் பக்கத்திலிருந்து யோசித்துப் பார்க்கலாம். உரக்கப் படிக்கும்போது அவள் கேட்கும் கதை வீடு முழுவதற்கும் தெரியும். மௌனமாகப் படிக்கும்போது அவள் முகத்தைத்தான் பார்க்க முடியும், அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. கூட்டுக்குடும்ப வீட்டில் தனியறை இல்லாதவளுக்கு அவள் வாழ்க்கையில் கிடைத்த முதல் தனிமை அதுவாக இருந்திருக்கும். அதிகாரம் பயந்தது அந்தத் தனிமையைப் பார்த்துத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எழுதத் தெரியாத நாவலாசிரியை

வை.மு. கோதைநாயகி அம்மாள் 1901-இல் பிறந்தவர். ஐந்து வயதைத் தாண்டியதும் கலியாணம் ஆகித் திருவல்லிக்கேணி வைத்தமாநிதி முடும்பை குடும்பத்துக்கு வந்தார். பள்ளிக்கூடம் போனதில்லை. கதை சொல்லுவதில் கெட்டிக்காரி. எழுதுவதற்குக் கை பழகியிருக்கவில்லை. தம் முதல் படைப்பான 'இந்திரமோகனா' நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். தமிழ்ப் பெண்ணெழுத்தின் வரலாற்றில் இந்தக் காட்சி எனக்கு மிக முக்கியமானது. ஒருத்தி சொல்கிறாள், இன்னொருத்தி எழுதுகிறாள். பிறகுதான் கோதைநாயகி எழுதப் பழகிக்கொண்டார்.

வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ஊக்கத்தோடு, நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' இதழை 1925-இல் வாங்கி நடத்தத் தொடங்கினார். முதல் நாவலான 'வைதேகி' அதில் தொடராக வந்தது. தமிழில் துப்பறியும் கதை எழுதிய முதல் பெண் என்று அவரைச் சொல்வார்கள். மொத்தம் 115 நாவல்கள். அவர் நாவலைப் படிப்பதற்காகவே எழுத்துக் கூட்டப் பழகிய பெண்கள் உண்டு என்பது அந்தத் தலைமுறையில் பலரும் சொன்ன செய்தி. கதரும் காங்கிரசும் அவர் வாழ்க்கைக்குள் வந்தன. 1930-களின் தொடக்கத்தில் சிறைக்குப் போனார். சிறையிலும் சக கைதிகளின் கதைகளைக் கேட்டு நாவல் எழுதினார்.

அவருடைய 'தயாநிதி' 1966-இல் 'சித்தி' என்ற வெற்றிப்படமானது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1960-இல், அவர் காலமாகிவிட்டார். இலக்கிய வரலாறுகளில் அவருக்குச் சில வரிகள் கிடைக்கும். 'பெண்களுக்கான பொழுதுபோக்குக் கதைகள்' என்ற தொனியில் அவை இருக்கும். ஒரு பெண் சொந்தமாகப் பத்திரிகை நடத்தி, அச்சிட்டு, விற்று, ஏறத்தாழ 35 ஆண்டுகள் வாசகிகளோடு பேசிக்கொண்டிருந்தது பொழுதுபோக்கு என்றால், பொழுது அவ்வளவு எளிதாகவா போயிற்று?

அதே காலத்தில் வேறொரு பெண் இதே வடிவத்தை ஆயுதமாக்கினார். மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் 'தாசிகளின் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' 1936-இல் வெளிவந்தது. சூழ்ச்சி, வலைவிரிப்பு, மாறுவேடம், திருப்பம் என்று வெகுஜன நாவலின் சரக்கெல்லாம் அதில் உண்டு. தேவதாசி முறையை உள்ளிருந்து அறிந்த ஒருவர், அதை ஒழிக்க எழுதிய கதை அது. சட்டமன்றத்தில் முத்துலட்சுமி ரெட்டி மசோதாவாகக் கொண்டுவந்ததை இவர் நாவலாகக் கொண்டுவந்தார். சட்டம் 1947-இல்தான் நிறைவேறியது. பெண்ணியத்துக்குக் கனமான நடைதான் பொருந்தும் என்று நினைக்கிற மாணவிகளிடம் நான் முதலில் கொடுப்பது இந்த நாவலைத்தான். வேகமாகப் படிக்கலாம். படித்து முடித்தபின் தாசிகளைப் பற்றி அது வைத்திருக்கும் கடுமையான பார்வையோடு சண்டையும் போடலாம்.

கத்தரித்துத் தைத்த நூலகம்

சுதந்திரத்துக்குப் பிந்தைய இருபது முப்பது ஆண்டுகள் தொடர்கதையின் காலம். ஆனந்த விகடன், கல்கி, குமுதம், கலைமகள் என்று வாரமும் மாதமும் கதை வந்தது. பதிப்பகங்களும் இந்தப் பக்கம்தான் இருந்தன: மயிலாப்பூரில் 1901-இலிருந்து இயங்கிய அல்லயன்ஸ், தியாகராய நகர் தீனதயாளு தெருவில் வானதி, தணிகாசலம் சாலையில் தமிழ்வாணன் குடும்பத்தின் மணிமேகலைப் பிரசுரம். ஆனால் தொடர் புத்தகமாக வரும்வரை காத்திருக்கவோ, வந்தபின் விலை கொடுத்து வாங்கவோ எல்லா வீட்டிலும் முடியாது. அதனால் பெண்களே புத்தகம் செய்தார்கள்.

வாரப்பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கத்தரித்து, வரிசையாக அடுக்கி, ஊசி நூலால் தைத்து அல்லது பைண்டிங் கடையில் கொடுத்துக் காலிகோ அட்டை போட்டு வாங்கி வைத்தார்கள். எங்கள் பெரியம்மா வீட்டில் அப்படி இருபதுக்கும் மேற்பட்ட தொகுதிகள் இருந்தன. ஒரு பக்கம் கதை, மறுபக்கம் பாதி வெட்டுப்பட்ட நகைச்சுவைத் துணுக்கோ பற்பொடி விளம்பரமோ இருக்கும். ஓர் இதழ் கிடைக்காமல் போயிருந்தால் அந்த வாரத்துக் கதையைப் பக்கத்து வீட்டுப் பிரதியைப் பார்த்து நோட்டுக் காகிதத்தில் கையால் எழுதி நடுவில் சேர்த்திருப்பார். முதல் பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கும்: யார் வாங்கிப் போனார், எந்தத் தேதி, திரும்பி வந்ததா. 'திரும்பி வந்ததா' என்ற பகுதியில் கேள்விக்குறிகள்தான் அதிகம்.

அந்தத் தொகுதிகளில் 'லட்சுமி'க்குத் தனி மரியாதை. லட்சுமி என்ற பெயரில் எழுதிய திரிபுரசுந்தரி ஒரு மருத்துவர். விகடனுக்குக் கதை எழுதி வந்த பணம்தான் அவர் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படிப்பைத் தொடர உதவியது. இந்தச் செய்தியை வாசகிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கதையில் கதாநாயகி எவ்வளவு பொறுமையாக இருந்தாலும், கதையை எழுதியவள் எழுத்தால் சம்பாதித்து டாக்டரானவள் என்பது அவர்கள் மனத்தில் இருந்தது. பெரியம்மா புத்தகத்தை நீட்டும்போது கதைச் சுருக்கம் சொல்லமாட்டார். 'டாக்டர் எழுதினது' என்பார். அவருக்கு அதுவே சிபாரிசு.

சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994-இல் உருவானது. கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் சேர்த்துவைத்த பழைய நாவல்களும் பத்திரிகைகளும் அதன் அடித்தளம். இன்று தரமணியில் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். பெண்கள் தைத்துவைத்த தொகுதிகளுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. வீடு மாற்றும்போது அவற்றுக்கு இடமில்லை என்றார்கள்; அவை பழைய பேப்பர்காரரின் தராசுக்குப் போயின. எங்கள் குடும்பத்துத் தொகுதிகளில் மிஞ்சியவை கோட்டூர்புரத்தில் தரைத்தள வீடொன்றில் இருந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அவை கூழாகிவிட்டன. வெளியிட்ட கதைகளின் வேறு பிரதிகள் எங்காவது இருக்கும். யார் வாங்கிப்போனார் என்ற அந்த முதல் பக்கப் பட்டியல்களுக்கு வேறு பிரதி கிடையாது.

பத்தில் ஒரு பங்கு வாடகை

அரசு நூலகங்கள் இல்லாமலில்லை. கன்னிமாரா நூலகம் 1896-லேயே திறக்கப்பட்டது. 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டமும் இயற்றியது. ஆனால் எழும்பூர்வரை தனியே போய், ஆண்கள் நிறைந்த வாசிப்பறையில் உட்கார்ந்து காதல் கதை படிக்க எந்த வீடு அனுமதித்தது? அந்த இடைவெளியில் வந்தவைதான் லெண்டிங் லைப்ரரிகள். கோபாலபுரத்தில் 1955-இல் தொடங்கிய ஈஸ்வரி அவற்றில் புகழ்பெற்றது. அதைத் தவிர மயிலாப்பூர் சந்துகளிலும் மாம்பலத்திலும் அடையாற்றிலும் ஒரு மளிகைக்கடை அகலத்துக்கு மேல் இல்லாத சிறு வாடகை நூலகங்கள் நிறைய இருந்தன. முன்பணம் கட்டினால் போதும். வாடகை பெரும்பாலும் புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு. காய்கறி வாங்கிய பையில் கீரைக்கட்டுக்கு அடியில் புத்தகம் வீட்டுக்கு வந்துவிடும். வெளியே போக முடியாதவர்களுக்கு சைக்கிளில் பத்திரிகை கொண்டுவந்து மாற்றித் தருகிறவர் இருந்தார். மாதச் சந்தா கட்டினால் நாலைந்து பத்திரிகைகள் முறைவைத்து வரும்.

இந்தப் புத்தகங்களுக்குள் இன்னொரு நூல் ஓடிக்கொண்டிருந்தது. வாசகிகள் அடையாளம் வைப்பார்கள். படித்ததையே மறுபடி எடுத்து வந்துவிடாமல் இருக்க ஒவ்வொருத்திக்கும் ஒரு குறி. பெரியம்மாவுடையது 32-ஆம் பக்க எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். வேறு யாரோ ஒருவர் 50-ஆம் பக்கத்தில் சிறு நட்சத்திரம் போடுவார். அந்த நட்சத்திரக்காரி யாரென்று பெரியம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. ஆனால் நட்சத்திரம் இருந்தால் புத்தகம் நன்றாக இருக்கும் என்று நம்பி எடுத்து வருவார். ஓரங்களில் குறிப்புகளும் இருக்கும். 'ராத்திரி படிக்காதே', 'நடுவில் இழுவை', 'முடிவு சரியில்லை' என்று எழுதியிருப்பார்கள். ஒரு மர்ம நாவலில் கடைசி நாலு பக்கம் கிழிந்திருந்தது. முந்தைய வாசகி ஒருத்தி பின் அட்டையின் உட்புறத்தில் கொலைகாரன் யாரென்று ஆறு வரியில் எழுதி, கடைசியில் 'மன்னிக்கவும்' என்றும் போட்டிருந்தாள். முகம் தெரியாத பெண்கள் இப்படி ஒருவரையொருவர் எச்சரித்தார்கள், தூண்டினார்கள், ஏமாற்றத்திலிருந்து காப்பாற்றினார்கள். பரிந்துரை என்ற சொல் புத்தக உலகத்தில் புழங்குவதற்கு வெகுமுன்பே இது நடந்துகொண்டிருந்தது.

இந்த மதிய நேர வாசிப்பைக் கொண்டாடும்போது ஒன்றை மறக்கக்கூடாது. மயிலாப்பூர் வீட்டில் ஒரு பெண்ணுக்கு இரண்டிலிருந்து நாலு மணிவரை புத்தகம் படிக்க முடிந்ததென்றால், அந்த நேரத்தில் பின்கட்டில் இன்னொரு பெண் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். விகடன், கல்கி கதைகளின் வீடுகளும் பெரும்பாலும் மேல்சாதி, நடுத்தர வர்க்க வீடுகள். 1961-இல் தமிழ்நாட்டுப் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் எழுத்தறிவு இருந்தது. 1991-இல்தான் அது பாதியைத் தொட்டது. தினத்தந்தி குழுமத்தின் 'ராணி' வார இதழும் அதன் பிறகு 'ராணி முத்து' மாத நாவலும் விலையிலும் மொழியிலும் எளிமையாக வந்து, விகடன் நுழையாத வீடுகளுக்குள் நுழைந்தன. புதிதாக எழுத்தறிந்த பெண்ணுக்குக் கையில் கிடைத்த முதல் முழுப் புத்தகம் மாத நாவலாக இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

பெரியம்மா வீட்டில் வேலை செய்த அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கதை தெரியும். பாத்திரம் கழுவும்போது 'அப்புறம் அவ என்னம்மா ஆனா?' என்று கேட்பார். பெரியம்மா படியில் உட்கார்ந்து அந்த வாரத்துப் பகுதியைச் சொல்வார். ஒருமுறை, கணவன் சந்தேகப்பட்டு வீட்டைவிட்டு அனுப்பியும் வாய் திறக்காத கதாநாயகியைப் பற்றி அந்த அக்கா சொன்னார்: 'இவ வாயத் தொறந்து ரெண்டு வார்த்தை சொன்னா கதையே முடிஞ்சிடும்மா. அதான் எழுதினவங்க தொறக்க விடல.' கதாநாயகிகளின் மௌனத்தைப் பற்றி அதற்குப் பிறகு நான் படித்த எந்த ஆய்வும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

1984

அந்த மௌனத்தைப் பெண்ணியம் எப்படி எதிர்கொண்டது என்று பார்க்க, 1984 என்ற ஒரே ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு லட்சுமியின் 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. தொடர்கதை எழுத்தாளருக்கு விருதா என்ற முணுமுணுப்பு எழாமலில்லை. அதே ஆண்டு அம்பை, சி.எஸ். லக்ஷ்மி என்ற தம் பெயரில், தமிழில் எழுதும் பெண்களைப் பற்றி 'முகமூடிக்குப் பின்னுள்ள முகம்' என்று பொருள்படும் ஆங்கில ஆய்வு நூலை வெளியிட்டார். பத்திரிகைகளில் எழுதிய பெண்கள் தியாகம், பொறுமை, தாய்மை என்று ஏற்கெனவே வார்த்துவைத்த அச்சுக்குள் பெண்ணைத் திரும்பத் திரும்ப ஊற்றினார்கள் என்பதை அது தயவில்லாமல் காட்டியது. அந்த விமர்சனம் தேவையாக இருந்தது. இன்றும் தேவை.

அமெரிக்காவில் ஜானிஸ் ராட்வே காதல் நாவல் வாசிப்பவர்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். ஒரு சிறு நகரத்தில் ஏறத்தாழ 40 பெண்களிடம் அவர் பேசினார். அங்கே புத்தகக்கடையில் வேலைசெய்த ஒரு பெண், எந்த நாவல் நல்லது, எது காசுக்கு நஷ்டம் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிவந்தார். அதற்காகவே ஒரு செய்திமடலும் எழுதினார். கதை என்ன சொல்கிறது என்பதோடு, படிப்பது என்ற செயலுக்கு அந்தப் பெண்கள் என்ன பொருள் தந்தார்கள் என்றும் ராட்வே கேட்டார். அவர்களுக்கு அது கணவனும் குழந்தைகளும் கேட்க முடியாத நேரம், தனக்கென்று எடுத்துக்கொண்ட நேரம். புத்தகத்தைத் திறந்து வைத்திருப்பதே 'இப்போது என்னைக் கூப்பிடாதே' என்ற அறிவிப்பு. ஆனால் அந்த நேரத்தில் அவர்கள் படித்த கதை மறுபடியும் கலியாணத்தின் பெருமையைத்தான் சொன்னது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அம்பையின் கேள்வியும் ராட்வேயின் கேள்வியும் ஒன்றையொன்று வெட்டுபவை என்று நான் நினைக்கவில்லை. ஒன்று புத்தகத்துக்குள் பார்க்கிறது, மற்றொன்று புத்தகத்தைப் பிடித்திருக்கும் கையைப் பார்க்கிறது. ரமணிசந்திரனை எடுத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள், தமிழில் மிக அதிகம் விற்பவை. பணக்கார நாயகன், சுயமரியாதையுள்ள ஏழைப் பெண், ஒரு தவறான புரிதல், கடைசியில் கலியாணம் அல்லது ஏற்கெனவே நடந்த கலியாணத்தில் காதல். நாயகனின் முரட்டுத்தனத்தை அக்கறையாக மாற்றிக் காட்டும் அந்த வாய்ப்பாடு எனக்கு உறுத்துகிறது. ஆனால் அவரைப் படித்த தலைமுறையிடம் பேசிப் பாருங்கள். 'அவன் அவகிட்ட மன்னிப்புக் கேட்பான்' என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். கணவன் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டுப் பார்த்திராத ஒரு சமூகத்தில், அந்தக் கடைசிப் பக்கத்துக்காக 150 பக்கம் காத்திருந்தார்கள். நிஜத்தில் கிடைக்காததை அறிந்தவர்கள்தான் அதைக் கதையில் தேடுவார்கள்.

துப்பறியும் மாத நாவல்களும் இதே காலத்தில் உச்சத்தில் இருந்தன. மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறிக் கோட்டைக்கு வேலைக்குப் போன பெண்களின் கைப்பைக்குள் சரியாக அடங்கும் அளவு. என் அம்மா அரசு அலுவலகத்தில் தட்டச்சர். போகும்போது பாதி, வரும்போது பாதி என்று ஒரு நாவலை ஒரே நாளில் முடிப்பார். கோவையிலிருந்து எழுதிய ராஜேஷ்குமாரின் விவேக்-ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜெயந்தி ஆகியோர் அம்மாவுக்குச் சொந்தக்காரர்கள்போல. இந்தக் கதைகளில் பெண் வேலைக்குப் போகிறாள், வண்டி ஓட்டுகிறாள், பிணத்தைப் பார்த்து மயங்குவதில்லை. சுசீலாவின் பனியனில் என்ன வாசகம் என்பது ஒவ்வொரு நாவலிலும் ஒரு நகைச்சுவை. அந்த நகைச்சுவை அவள் மார்பைப் பார்க்கச் சொல்லும் அழைப்பும்கூட. அட்டைப்படங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அம்மா செய்தித்தாளில் அட்டை போட்டுத்தான் ரயிலில் எடுப்பார். ஆனாலும் சுசீலாவை அம்மாவுக்குப் பிடிக்கும். 'பரத்தைவிட அவதான் முதல்ல கண்டுபிடிப்பா' என்பார். அந்த நாவல்களை நான் பிறகு படித்துப் பார்த்தபோது எல்லாவற்றிலும் அப்படி இல்லை. அம்மா தமக்கு வேண்டிய சுசீலாவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

பெண்கள் எழுதியபோது மர்மம் வேறு இடத்தில் இருந்தது. சிவசங்கரியின் '47 நாட்கள்' ஒரு திகில் கதைதான். வெளிநாட்டு மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டிப் போனவள், அவனுக்கு அங்கே ஏற்கெனவே ஒரு மனைவி இருப்பதை அறிகிறாள். மொழி தெரியாது, கையில் காசில்லை, கதவு பூட்டியிருக்கிறது. 1981-இல் கே. பாலசந்தர் அதைப் படமாக எடுத்தார். கொலைகாரன் யார் என்று இந்தக் கதையில் தேட வேண்டியதில்லை. தாலி கட்டியவன்தான். அனுராதா ரமணனின் 'சிறை' விகடனில் தங்கப்பதக்கம் வாங்கிய சிறுகதை. வன்புணர்வுக்கு ஆளான மனைவியைக் கணவன் விட்டுப் போகிறான். அவள் தன்னைக் கெடுத்தவன் வீட்டுக்கே போய்த் தங்குகிறாள். அந்த முடிவை இன்று என்னால் ஏற்க முடியவில்லை. அன்று அதைப் படித்துவிட்டுப் பெண்கள் ஒரு வாரம் தூங்காமல் விவாதித்தார்கள். 'கணவன் செய்தது சரியா?' என்று அடுக்களையில் உரக்கக் கேட்க ஒரு சாக்கு கிடைத்தது. கதையைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு தங்களைப் பற்றிப் பேசினார்கள்.

யாரிடம் கொடுப்பது

2008-இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம், பிரீத்தம் சக்கரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் தமிழ் வெகுஜனக் கதைகளை ஆங்கிலத் தொகுப்பாகக் கொண்டுவந்தது. ரயில் நிலையக் கடையில் தொங்கிய கதைகள் ஆங்கிலப் புத்தகக்கடையின் அலமாரிக்கு வந்தன; அட்டைப்படங்கள் ரசனைக்குரிய பொருளாயின. அதே அட்டைக்குச் செய்தித்தாள் சுற்றிப் படித்த பெண்களைப் பற்றி அப்போதும் யாரும் அதிகம் பேசவில்லை. லெண்டிங் லைப்ரரிகள் ஒவ்வொன்றாக மூடின. தொலைக்காட்சித் தொடர் மதியத்தை எடுத்துக்கொண்டது, பிறகு கைப்பேசி எடுத்துக்கொண்டது. இன்று தமிழில் காதல் நாவல் எழுதும் பெண்கள் கைப்பேசியிலேயே அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகிறார்கள். வாசகிகள் கீழே 'சீக்கிரம் அடுத்த பகுதி போடுங்க அக்கா' என்று கேட்கிறார்கள். ஜகன்மோகினி காலத்து உறவு வேறு கருவியில் தொடர்கிறது.

என் மாணவிகள் தேர்வு முடிந்ததும் 'மூளைக்கு வேலை இல்லாத புத்தகம் ஏதாவது சொல்லுங்க மிஸ்' என்று கேட்பதுண்டு. அப்படி ஒரு புத்தகம் கிடையாது என்றாலும் பட்டியல் தருகிறேன். ராமாமிர்தம் அம்மையாரின் நாவல், கோதைநாயகியில் கிடைப்பது ஏதாவது ஒன்று, '47 நாட்கள்', லட்சுமியில் ஒன்று, ராஜேஷ்குமாரோ பிரபாகரோ ஒன்று, ரமணிசந்திரனும் ஒன்று. ரமணிசந்திரனைச் சொல்லும்போது சிலர் முகம் சுளிப்பார்கள். அம்மா படிப்பார் என்பார்கள். அதனால்தான் சொல்கிறேன் என்பேன். அந்த நாயகனை மன்னிக்க வேண்டியதில்லை. அம்மா ஏன் அந்தப் புத்தகத்தை மூன்று முறை படித்தார் என்று தெரிந்துகொண்டால் போதும்.

பட்டியலோடு ஒரு வேலையும் உண்டு. வீட்டில் உள்ள மூத்த பெண் ஒருவரிடம் உட்கார்ந்து கேளுங்கள்: கலியாணமான புதிதில் என்ன படித்தீர்கள், யார் கொடுத்தார்கள், எங்கே ஒளித்து வைத்தீர்கள், எந்த நேரத்தில் படித்தீர்கள். வீட்டில் வேலைக்கு வருகிறவரிடம் எந்தக் கதை ஞாபகம் இருக்கிறதென்றும் கேளுங்கள். சொல்வதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். அம்பை 1988-இல் மும்பையில் ஸ்பாரோ என்ற பெண்கள் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கியபோது இப்படிப்பட்ட குரல்களைச் சேர்க்கத்தான் தொடங்கினார். நம்மிடம் காப்பகம் இல்லாவிட்டாலும் ஒரு நோட்டு இருக்கும். சென்ற ஆண்டு ஒரு மாணவி இப்படி எழுதிக் கொண்டுவந்தாள். அவள் பாட்டி நாவலை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாராம். மாமியார் அளந்து போடுவது வாரத்துக்கு ஒருமுறை என்பதால், ஏழு நாளில் படித்து முடிக்க வேண்டியிருந்ததாம். வாடகை நூலகத்தின் கெடுவும் ஏழு நாள்தான்.